கொறங்காட்டு வெள்வேல்

கணியூரில் அமராவதித் தண்ணீர் பாயும் வயல்களை விட்டு வடக்கே தாராபுரம், மூலனூர், காங்கயம் என்று போகப் போக ஈரம் குறைந்து மேட்டுக்காடு விரிகிறது. முள்கிளுவை வேலி, அதற்குள் கொழுக்கட்டைப் புல், புல்லுக்கு நடுவே இடைவெளி விட்டு நிற்கும் வெள்வேல மரங்கள். இம்மூன்றும் சேர்ந்த மேய்ச்சல் நிலத்துக்குத்தான் கொறங்காடு என்று பெயர். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையை நம்பிக் காங்கயம் மாட்டினத்தை வளர்த்தெடுத்த நிலம் இது.

வேலமரம் என்றாலே சீமைக்கருவேலை நினைத்துக்கொண்டு பொக்லைனைக் கூப்பிடுபவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். அந்த அவசரத்தில் வெள்வேலும் சாய்கிறது. இரண்டையும் பிரித்தறிவது கடினமே அல்ல. சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் பூ நீளக் கதிராகத் தொங்கும். வெள்வேலின் பூக்களோ வெளிர்மஞ்சள் உருண்டைகளாகக் கிளை நுனிகளில் கொத்துக்கொத்தாகப் பூக்கும். அடிமரத்துப் பட்டை வெளிறியிருக்கும். ஒருகாலத்தில் சாராயம் காய்ச்சியவர்கள் தேடிப் போனது இந்தப் பட்டையைத்தான். இந்தியா, இலங்கை, மியான்மர் தொடங்கி ஜாவா வரை இது மண்ணின் மரம்.

இது வளரும் விதம்தான் கொறங்காட்டின் உயிர். விதையின் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. மழை பெய்தாலும் பல விதைகள் முளைக்காமல் மண்ணில் கிடக்கும். நாற்றங்காலில் இதற்காகவே விதையைக் கொதிநீரில் போட்டு, ஓர் இரவு ஊறவைத்து விதைக்கிறார்கள். கொறங்காட்டில் அந்த வேலையை ஆடுமாடுகள் செய்கின்றன. புல் காய்ந்துபோன கோடையில், சற்றே வளைந்த வெள்வேலங்காய்கள் முற்றி உதிர்கின்றன. மேய்ச்சலுக்கு வேறு எதுவும் இல்லாத மாதங்களில் புரதம் நிறைந்த தீவனம் மரத்தடியிலேயே கிடைக்கிறது. காயின் சதை செரிக்கிறது. மெல்லும்போது நொறுங்காமல் தப்பிய விதைகள் வயிற்றின் அமிலத்தில் தோல் இளகி, சாணத்தோடும் புழுக்கையோடும் வேறோர் இடத்தில் விழுகின்றன. அடுத்த மழைக்கு அங்கே முளை வருகிறது.

முளைத்த செடி உயரத்துக்கு அவசரப்படுவதில்லை. முதலில் ஆணிவேரைக் கீழே இறக்குகிறது. மேலே விரலளவு செடிதான் தெரியும். மண்ணுக்குள் வேர் அதைவிட ஆழம் போயிருக்கும். இலைக்காம்பின் அடியில் இரண்டிரண்டாக நிற்கும் முட்கள் ஆட்டின் வாயிலிருந்து ஓரளவு காக்கின்றன, முழுமையாக அல்ல. அதனால்தான் விவரமான விவசாயிகள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டை உழுது சோளமோ கொள்ளோ விதைக்கும்போது தானாக வந்த வேலங்கன்றுகளை ஏர் படாமல் விட்டு, முள்ளைச் சுற்றிக் கட்டி வளர்த்தார்கள்.

இலையைக் கவனியுங்கள். ஒரு காம்பில் பல கிளைக்காம்புகள், ஒவ்வொன்றிலும் அரிசியளவுச் சிற்றிலைகள். சிறிய இலை வெயிலில் பெற்ற சூட்டைக் காற்றுக்குச் சட்டென்று விட்டுவிடும். பெரிய இலையைப் போல அதிகம் சூடேறுவதில்லை. இருட்டியதும் காம்படிச் செல்களின் நீரழுத்தம் மாறிச் சிற்றிலைகள் மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த இலைகளின் ஊடே வெளிச்சம் தரைக்கு இறங்குகிறது. மாட்டுக்கு நிழலும் கிடைக்கிறது, புல்லும் வளர்கிறது. வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்க, உதிரும் சருகு வழியாக அது புல்லுக்கும் போய்ச் சேர்கிறது. உரம் காணாத நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் புல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே குலத்தின் ஆஸ்திரேலிய உறவுகளான வாட்டில்களுக்கு வேறு உத்தி. அவற்றில் பல, முளைக்கும்போது இறகு போன்ற இலைகளை விடும்; வளர வளர அந்தச் சிற்றிலைகளை விட்டுவிட்டு, காம்பையே தட்டையாக்கி இலையாகப் பயன்படுத்தும். நீலகிரியில் சீகை என்று அழைக்கப்படும் கருப்பு வாட்டிலுக்கோ கடைசி வரை இறகிலைதான். 19ஆம் நூற்றாண்டில் மலைக்கு வந்த வாட்டில்களின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருந்து, தீ பட்டதும் கூட்டமாக எழுகிறது. சோலைப் புல்வெளிகளை அவை விழுங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. 2005இல் வியன்னாவிலும் 2011இல் மெல்போர்னிலும் கூடிய தாவரவியலாளர்கள் அக்கேசியா என்ற பேரினப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். நம் வெள்வேல் இப்போது வச்சிலியா லூக்கோஃப்ளோயா.

சமவெளியில் நிலைமை நேர் எதிர். இங்கே வெள்வேல் பரவுவதில்லை, குறைகிறது. பனியன் கம்பெனியும் விசைத்தறியும் வேலைக்கு ஆளை இழுக்க, மாடு மேய்க்க ஆளில்லை. காற்றாலைக்கும் வீட்டுமனைக்கும் காடு கைமாறுகிறது. கிழமரம் நிற்கும் காட்டில்கூட மேய்ச்சல் நின்றால் காயைத் தின்று விதையைச் சுமந்துபோகும் கால்கள் இல்லை. மரம் நடும் விழாக்களில் இந்த மரத்துக்கு இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பாலித்தீன் பையில் நெடுநாள் வைத்திருந்த கன்றின் ஆணிவேர் சுருண்டுபோய்விடும், கொறங்காட்டு வறட்சியை அது தாங்காது. என்னைக் கேட்டால் நாற்றைவிட விதையே மேல். ஆட்டுப்பட்டியில் சேரும் புழுக்கையில் வெள்வேல விதை கிடைக்கும். மழை தொடங்கும்போது அதை வேலியோரமாகப் புதைத்து, முளைத்ததற்கு மட்டும் முள் கட்டி, ஆட்டின் வாய்க்கு மேலே கொழுந்து போகும் வரை காத்தால் போதும்.