கைங்கர்யமும் நிர்வாகமும்: உலகியல்மயமாதல் குறித்து ஓர் ஆய்வு

மேலைநாட்டுச் சமூகவியலார் 'உலகியல்மயமாதல்' என்று வழங்கும் சொல் ஒரே நிகழ்ச்சியைக் குறிப்பதன்று. ஹோசே காஸநோவா என்னும் அறிஞர் 1994இல் வெளியிட்ட நூலில் அச்சொல்லின் பொருளை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். அரசு, சட்டம், பொருளாதாரம் முதலியன சமயத்தின் ஆளுகையினின்று பிரிந்து தனித்துறைகளாதல் முதலாவது. மக்களிடையே நம்பிக்கையும் வழிபாடும் குன்றுதல் இரண்டாவது. சமயம் பொதுவெளியை விட்டு நீங்கித் தனிமனிதனின் அகத்துக்குள் ஒதுங்குதல் மூன்றாவது. இம்மூன்றும் சேர்ந்தே நிகழவேண்டும் என்னும் நியதி இல்லை என்பது அவர் துணிபு.

இப்பாகுபாட்டைத் திருமாலிருஞ்சோலையில் வைத்து நோக்கினால் பொருள் தெளிவாகும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கள்ளழகர் மலையடிவாரத்தினின்று புறப்பட்டு, வழிநெடுக மண்டகப்படிகளில் எழுந்தருளி, ஸ்ரீவில்லிபுத்தூரினின்று வந்த ஆண்டாள் திருமாலையைத் தல்லாகுளத்தில் சாற்றிக்கொண்டு, தங்கக்குதிரையில் வைகையில் இறங்குகிறார். பல லட்சம் மக்கள் கரையிலும் ஆற்றிலும் திரண்டு ஸேவிக்கின்றனர். எனவே இரண்டாம், மூன்றாம் பொருள்கள் இங்கே பொருந்தமாட்டா. அழகர் இறங்குவதற்கென்று வைகை அணையினின்று அரசே நீர் திறந்துவிடுகிறது. எந்த வழிபாட்டையும் அரசு அங்கீகரிப்பதோ அதற்கு ஊதியம் அளிப்பதோ இல்லை என்று 1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதித்துக்கொண்ட பிரான்சு நாட்டார்க்கு இது வியப்பாகவே தோன்றும்.

ஆயின் முதற்பொருள் இங்கு நிகழவில்லையோ எனில், நிகழ்ந்தது. நிகழ்ந்த இடம் வேறு. மேலைநாட்டில் எல்லைக்கோடு சமயத்துக்கும் அரசுக்கும் நடுவே இடப்பட்டது. தமிழ்நாட்டில் அக்கோடு கோயிலின் உள்ளேயே இடப்பட்டது. 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை ஆராய்ந்த உச்சநீதிமன்றம், 1954இல் சிரூர் மடத்து வழக்கில், சமயச் சடங்குகள் அரசியலமைப்பின் காப்புக்கு உரியவை என்றும், சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்றும் பிரித்துரைத்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 1959இல் இன்றைய சட்டம் வந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கின் தீர்ப்பு இன்னும் நுண்ணியது: அர்ச்சகர் செய்யும் பூஜை சமயச் செயல், அவரை நியமிப்பது உலகியற் செயல். ஒருவரிடத்திலேயே இருபகுதிகள் காணப்பட்டன.

பூர்வாசார்யர்களின் நோக்கில் இப்பாகுபாடு இல்லை. பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துப் பூமாலை கட்டியதும், பாசுரங்களால் பாமாலை சூட்டியதும் ஒரே கைங்கர்யத்தின் இரு வடிவங்கள். எம்பெருமானார் திருவரங்கத்தில் கோயிற் பணிகளை வகுத்தமைத்தார் எனக் கோயிலொழுகு கூறும். அங்கே மண் சுமப்பவன் உலகியலிலும் மந்திரம் சொல்பவன் சமயத்திலும் நின்றதாக ஸம்பிரதாயம் கொள்ளவில்லை. பணி பலவாயினும் சேஷத்வம் ஒன்றே.

இவ்விரு நோக்குகளும் மிக அணுகி வந்து பிரியும் இடம் ஒன்று உண்டு. கோயில் மூர்த்தி உரிமைகளை உடைய சட்ட நபர் என்று 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் கூறியது. அந்நபர் தானே செயற்பட இயலாமையால் சிறார்க்கு ஒப்பாகக் கருதப்பெற்றுப் பிறர் வாயிலாகவே வழக்காடுவார். பிள்ளை லோகாசார்யரும் தத்வத்ரயத்தில் அர்ச்சாவதாரத்தை இவ்வாறே பராதீனமாகக் காட்டியருளினார்: அனைத்தும் அறிந்தவன் அறியாதவன்போலவும், வல்லவன் வலியற்றவன்போலவும், ஸ்வதந்திரன் பரதந்திரன்போலவும் இருக்கிறான். சட்டம் கண்டது இயலாமை. ஆசார்யர் கண்டது கிருபையால் மேற்கொண்ட எளிமை. இயலாமைக்குப் பாதுகாவலர் ஒருவரை நியமித்தால் போதும். எளிமைக்கோ நியமனம் போதாது. அதனை உணர்ந்து தாங்கும் அடியார் வேண்டும்.

இது வெறும் சொல்நயம் அன்று என்பதற்கு மதுரைச் சமவெளியே சான்று. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவரங்கத்தின்மீது படையெடுப்பு நேர்ந்தபோது, முதிய வயதில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே வந்த பிள்ளை லோகாசார்யர், ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்று குருபரம்பரை கூறும். ஆனைமலைக்கு அருகிலுள்ள கொடிக்குளமே அவ்வூர் என்பர். அதன்பின் நம்பெருமாள் திருமாலிருஞ்சோலையிலும் சிலகாலம் எழுந்தருளியிருந்தார். அன்று காவல் செய்ய அரசும் இல்லை, சட்டமும் இல்லை. எம்பெருமானின் பாரதந்திரியத்தை நூலில் எழுதியவரே அதனைத் தம் தோளில் ஏற்றார்.

சட்டம் இட்ட கோடு சட்டத்துக்கு வேண்டுவதே. கணக்கு தணிக்கை செய்யப்பெறுவதும், திருக்கோயில் நிலம் அயலார் கைப்படாமல் காக்கப்படுவதும் தீங்கல்ல. அக்கோட்டை அடியார் தம் நெஞ்சிலும் இட்டுக்கொள்வதே கருதி அஞ்சத்தக்கது. தெப்பக்குளமும் நந்தவனமும் மடைப்பள்ளியும் அலுவலகத்தார் பொறுப்பு, தமக்கு உரியது ஸேவையும் தீர்த்தப் பிரஸாதமும் மட்டுமே என்று எண்ணத் தொடங்கினால், வைகைக் கரையில் எத்தனை லட்சம் பேர் நின்றாலும், காஸநோவா கூறிய முதற்பொருள் அவர்களுக்குள்ளேயே நிறைவேறிவிடும். திருக்குளத்தில் தூர் எடுப்பதும் திருவாய்மொழி ஓதுவதும் ஒரே கைங்கர்யம் என்று கருதுவார் உள்ளவரை அதற்கு இடமில்லை.