பெயர் பொறியாக் கலங்கள்

யப்பான் நாட்டிலே சென்ற நூற்றாண்டில் வாழ்ந்த குயக்கலைஞர் சிலர், தாம் வனைந்த கலங்களிலே தம் பெயரைப் பொறியாது விட்டனர். அக்கலங்களே இன்று, வனைந்தவர் பெயருக்காகப் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்படுகின்றன. இம்முரண்பாடு எவ்வாறு எழுந்தது, தொகுப்போர் மெய்க்கலத்தையும் பொய்க்கலத்தையும் எவ்வாறு பிரித்தறிகின்றனர் என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

யனகி சோயெற்சு (1889–1961) என்னும் அறிஞர், பெயரறியாக் குயவரும் நெசவாளரும் தச்சரும் அன்றாடத் தேவைக்கெனச் செய்த பொருள்களிலேதான் மெய்யழகு குடிகொண்டுள்ளது என்னுங் கொள்கையினர். 1925 இல் அவரும் நண்பரும் அப்பொருள்களுக்கு ‘மிங்கேய்’, அஃதாவது மக்கட்கலை, எனப் பெயரிட்டனர். 1936 இல் தோக்கியோ நகரிலே அதற்கென ஓர் அரும்பொருட்சாலையும் திறந்தனர். நம்மவராகிய ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலைகள் பற்றி 1908 இல் வெளியிட்ட நூலிலே மரபுவழிக் கம்மியரின் பெருமையை எடுத்துரைத்தமை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது.

யனகியின் தோழருள் தலையாய குயவர் இருவர்: ஹமடா சோஜி, கவாய் கஞ்சிரோ. ஹமடா 1920 இல் பேணாட் லீச் என்னும் ஆங்கிலக் குயவரோடு இங்கிலாந்து சென்று, சென் ஐவ்ஸ் என்னுங் கடற்கரையூரிலே சூளை அமைக்க உதவினார். 1924 இல் தாயகம் மீண்டபின், தோக்கியோவுக்கு வடக்கேயுள்ள மசிக்கோ என்னும் ஊரைத் தம் தொழிலிடமாகக் கொண்டார். தண்ணீர்க்குடம், சாடி, தேநீர்க்கெண்டி முதலிய அடுக்களைக் கலங்களுக்கே அவ்வூர் பெயர்பெற்றது. மினகவா மசு என்னும் மூதாட்டியார் அங்கே ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கெண்டிகளிலே மலையும் நீரும் தீட்டுவாராம். ஹமடாவும் அவ்வூர் மண்ணையே வனைந்தார். உள்ளூர்க் கல்லைப் பொடித்துச் செய்த செந்நிற மெருகையும், உமிச்சாம்பலாற் செய்த வெண்ணிற மெருகையும் விரும்பிப் பூசினார். சென் ஐவ்ஸிலே தம் முத்திரையை இட்டவர், மீண்டபின் அதனை விடுத்தார். 1955 இல் அரசு அவரை ‘வாழுந் தேசியச் செல்வ’மாக ஏற்றுச் சிறப்பித்தது. கவாயோ அத்தகைய சிறப்பு எதனையும் ஏற்க மறுத்து, 1966 இல் மறைந்தார்.

கலத்தில் இல்லாத பெயர் பெட்டியில் இருக்கும். கிரி என்னும் இலேசான மரத்தாற் பெட்டி செய்து, அதன் மூடியிலே கலத்தின் பெயரையும் தம் பெயரையும் தூரிகையால் எழுதிச் செம்முத்திரை இடுவது அந்நாட்டுக் குயவர் வழக்கம். உள்ளே கலத்தைச் சுற்றி மஞ்சள் தோய்த்த துணி இருக்கும். பூச்சி அணுகாமைப் பொருட்டு அவ்வாறு செய்வர். மஞ்சளின் இக்குணத்தை நம் மகளிர்க்கு எவருங் கற்பிக்க வேண்டியதில்லை.

தீங்கு நுழையும் வாயிலும் இப்பெட்டியே. கலம் உடைந்தாலும் பெட்டி எஞ்சும். எஞ்சிய பெட்டியிலே வேறொரு கலத்தை வைத்து விற்றல் எளிது. எழுத்து மெய், உள்ளிருப்பது பொய். வனைந்தவர் இறந்தபின், ஹமடாவின் மகன் சின்சாக்கு செய்ததுபோல, வழித்தோன்றல்கள் கலத்தை நோக்கிச் சான்று எழுதுவதும் உண்டு. அதுவும் மதிப்புடையதே, எனினும் வனைந்தவர் கையெழுத்துக்கு அடுத்த நிலையிலேயே அதனை வைப்பர்.

ஆதலின் தேர்ந்தவர் மூடியைப் படிக்குமுன் கலத்தைக் கவிழ்த்து அதன் அடியை நோக்குவர். அடிவளையத்திலே மெருகு நின்றுவிட, சுட்ட மண் வெளிப்பட்டுத் தோன்றும். மண்ணின் நிறமும் பருமையும் அங்கே தெரியும். திகிரியிற் சுழலும்போது கத்தி சீவிய விரைவும் தயக்கமுங்கூடத் தெரியும். வேறொருவர் கையைப் போலச் செய்பவன் மேற்புறத்து ஓவியத்திற் காட்டும் கவனத்தை அடியிற் பெரும்பாலுங் காட்டுவதில்லை. ஹமடாவின் மாணவர் சிமவொக்கா தற்சுசோ (1919–2007) வகையில் இத்தொல்லை குறைவு. கயிறு பின்னுபவரின் மகனாகிய அவர், ஈரமண்ணிலே கயிற்றை உருட்டி, அப்பள்ளங்களை வெண்களியால் நிரப்பினார். ‘த’ என்னும் யப்பானிய எழுத்தொன்றையும் முத்திரையாக இட்டார்.

கற்றவர் கண்ணும் தவறும் என்பதற்கு 1959 இல் நிகழ்ந்தது சான்று. ‘எய்னின் இரண்டாம் ஆண்டு’, அஃதாவது 1294, எனப் பொறித்த செத்தோக் குடம் ஒன்றை அரசு முக்கிய பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அதனைப் பரிந்துரைத்தவர் மட்கல ஆராய்ச்சியிலே பேரறிஞராகிய கொயமா புசியோ. அடுத்த ஆண்டிலே, அக்குடத்தைச் செய்தவன் யானே என்றார் கத்தோ தொக்குரோ என்னுங் குயவர். 1961 இல் அறிவிப்பு மீளப்பெறப்பட்டது. கொயமா பதவி துறந்தார். பின்னாளில் அவர் தாமே திகிரியின் முன் அமர்ந்து கலம் வனைந்தார் என்பது எமக்கு வியப்பளிக்கின்றது. கத்தோவின் பெயரிலுள்ள கலங்களையோ இன்று விரும்பித் தேடுகின்றனர்! பொய்ப்பெயரால் ஏமாந்த உலகு, அவர் மெய்ப்பெயருக்குப் பொருள் கொடுக்கின்றது.

தொகுக்கத் தொடங்குவோர் பெருங்கலங்களை நாடாது, தேநீர் அருந்துங் கிண்ணம் ஒன்றோடு தொடங்குதல் நன்று. சந்தையிற் சட்டி வாங்கும்போது நாம் செய்வதுபோல விரலாற் சுண்டிப் பார்க்க. மயிர்க்கீறல் இருப்பின் ஒலி மழுங்கும். அரக்குப் பசையால் ஒட்டிப் பொற்பொடி தூவிய பழுதைக் குறையென்று தள்ளற்க. முன்னிருந்தவர் அக்கலத்தைப் பேணியமைக்கு அது அடையாளம். வாங்கிய கிண்ணத்திலே அருந்துக. ஆனால் கழுவிய கலத்தின் அடிமண் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். மேற்புறம் உலர்ந்ததுகண்டு உடனே பெட்டியில் வைப்பின் பூஞ்சணம் பற்றும். நிழலிற் சில நாள் கவிழ்த்து வைத்தபின்னரே மஞ்சட்டுணியிற் சுற்றுதல் வேண்டும்.