விவாத மேடையும் நடுவர் தராசும்

மேடையில் எவர்க்குக் கைதட்டல் மிகுதியோ அவரே வென்றார் என்று கருதுவது சபையோர் இயல்பு. பிள்ளைகளைப் பாடசாலை விவாதப் போட்டிக்கு அனுப்பிய பெற்றோரும் அவ்வாறே கருதி, தீர்ப்பு மாறாக வந்தவிடத்து நடுவரை நொந்தவாறு வீடு திரும்புவர். நடுவர் தம் தராசில் எவற்றை இடுகின்றார் என்பதை நாம் அறிந்துகொண்டால் இம்மனக்குறை பெரிதுங் குறையும்.

பல நாட்டுப் பாடசாலை மாணவர்க்கான உலக விவாதப் போட்டி 1988ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே அணிக்கு மூவர் பேசுவர். ஒருவர்க்கு 8 நிமிடம். ஓர் உரைக்குரிய 100 புள்ளிகளைப் பொருளுக்கு 40, பேசும் முறைக்கு 40, உத்திக்கு 20 என வகுத்துள்ளனர். குரலும் மிடுக்கும் பேசும் முறையுள் அடங்கிவிடும். எஞ்சிய 60 புள்ளிகளைச் சிந்தனையாலேயே ஈட்டுதல் வேண்டும்.

பொருளை அளக்குங் கோல் நமக்குப் புதிதன்று. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை முறையை விளக்குமிடத்துப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளைக் கூறுகின்றார். மலையில் நெருப்புண்டு என்பது பக்கம். புகை காணப்படுதலால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இன்றைய நடுவரும் கூற்று யாது, காரணம் யாது, சான்று யாது என்றே நோக்குகின்றார்.

வல்வெட்டித்துறைச் சிதம்பராக் கல்லூரியில் ஒரு விவாதம் நிகழ்வதாகக் கொள்வோம். பாய்க்கப்பல் கட்டுந் தொழிலை இவ்வூரில் மீண்டுந் தொடங்குதல் வேண்டும் என்பது தலைப்பு. ஆதரித்துப் பேசும் மாணவர், இவ்வூரிற் கட்டிய அன்னபூரணி 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை முழங்குகின்றார். சபை ஆரவாரிக்கின்றது. எதிரணி மாணவி எழுந்து, "கட்டுந் திறன் இருந்ததை ஏற்கின்றோம். இன்று அக்கப்பலிற் சரக்கு ஏற்றுவோர் யாவர்?" என்று அமைதியாக வினவுகின்றார். ஆதரவணியினர் இறுதிவரை விடை கூறவில்லை.

நடுவர் அவ்வூர்க் கப்பலோட்டிகளின் வழித்தோன்றலாகவே இருக்கலாம். சரக்கு இல்லையேல் சுற்றுலாப் பயணிகள் ஏறுவர் என்ற விடையும் அவர் மனத்தில் எழலாம். ஆயினும் மாணவர் கூறாத விடையை நடுவர் அவர்க்குக் கடன் கொடுத்தலாகாது. அன்னபூரணி திறமைக்குச் சான்று, வருவாய்க்குச் சான்றன்று. ஆகவே அவ்விடத்துப் புள்ளி எதிரணிக்கே உரியது. வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய நடுவு நிலைமைக்கு இதனினும் கடிய சோதனை இல்லை. பிறர்பாற் சாயாதிருத்தல் எளிது. தம் கருத்தின்பாற் சாயாதிருத்தல் அரிது.

தீர்ப்புக் கூறுவதுடன் நடுவர் கடமை முடிவதில்லை. காரணமுங் கூறுதல் வேண்டும். தோல்வி என்று மாத்திரங் கேட்ட பிள்ளை, பேச்சுத் தனக்கு வாய்க்காது என எண்ணி மேடையையே துறந்துவிடலாம். "இவ்வினாவுக்கு நீர் விடையளிக்கவில்லை" என்று கேட்ட பிள்ளையோ அவ்விடையைத் தேடிப் புறப்படும்.

பெற்றோர்க்கும் இதிற் பங்குண்டு. போட்டி முடிந்து வீடு வரும் பிள்ளையிடம் வென்றாயா என்று கேட்குமுன், எதிரணியினர் கூறியவற்றுள் எதற்கு விடை காண இயலவில்லை என்று கேட்போமாக.