கெசல்கமுவ ஓயாவின் பிள்ளைகளுக்கு ஒரு கயாக் வகுப்பு

பொகவந்தலாவைத் தேயிலை மலைகளில் பெய்யும் மழை கெசல்கமுவ ஓயாவில் இறங்கி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி, விமலசுரேந்திர, பழைய லக்சபான, பொல்பிட்டிய மின்நிலையங்களைச் சுற்றவைத்துவிட்டுத்தான் கித்துல்கலைக்குப் போய்ச் சேருகிறது. மஸ்கெலிய ஓயாவோடு கலந்தபின் அதற்குக் களனி கங்கை என்று பெயர். கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் காசு கொடுத்து ராஃப்டிங் போவதும், கயாக் ஓட்டப் பழகுவதும் இந்தத் தண்ணீரில்தான். இது புறப்படும் இடத்தில் பிறந்த நம் பிள்ளைகளை அந்த வகுப்புகளில் காண்பது அரிது.

அட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கொழும்பு வீதியில் இறங்கினால் கித்துல்கல. 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக டேவிட் லீன் மரப்பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்த இடம் என்று பலருக்கும் அந்த ஊரைத் தெரியும். நான் போனது கயாக் ஓட்டத்தின் தொடக்க வகுப்புக்கு.

வகுப்பு சீறிப் பாயும் இடத்தில் ஆரம்பிப்பதில்லை. ஆறு அகன்று ஓய்ந்து கிடக்கும் ஒரு மடுவில்தான் ஆரம்பம். கயாக் ஒரு ஆளுக்கான சிறு பிளாஸ்டிக் ஓடம். இடுப்புக்குக் கீழே உடம்பு முழுவதும் அதற்குள். தொடைகளை உட்புறமாக அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். தண்ணீர் உள்ளே புகாதபடி இடுப்பைச் சுற்றி ஒரு றப்பர் விரிப்பை இழுத்து மாட்டிவிடுவார்கள். இப்போது ஓடம் கவிழ்ந்தால் நாமும் அதோடு தலைகீழ். ஆகவே முதல் பாடமே கவிழ்வதுதான். தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கும்போது, உடம்பை முன்னால் வளைத்து, விரிப்பின் முன்பக்கத்து வாரைத் தேடிப் பிடித்து இழுத்து, ஓடத்தின் விளிம்பில் கையூன்றி வெளியே வழுக்கி வர வேண்டும். கால்களை உதைத்துத் திமிறினால் தொடைகள் இன்னும் இறுகும். பதறாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் சில வினாடிகளில் தலை வெளியே வந்துவிடும்.

இறங்காமலே ஓடத்தோடு நிமிரும் வித்தையும் இருக்கிறது. உறைபனிக் கடலில் கடல்நாய் வேட்டையாடிய இனுயிட் மக்கள் உயிர்பிழைக்கக் கண்ட வழி அது. ஐரோப்பாவில் அதை முதலில் செய்துகாட்டியவர் 1927இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் பவ்லாட்டா. தலையை முதலில் தூக்கத்தான் எவருக்கும் தோன்றும். ஆனால் இடுப்பைச் சொடுக்கி ஓடத்தை முதலில் நிமிர்த்த வேண்டும், தலை கடைசியாக வர வேண்டும். தொடக்க வகுப்பில் இது கைகூடுவது அபூர்வம், அவசியமும் இல்லை.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது ஓடம் இல்லாமல் நடத்திய பாடம். உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் அணிவித்து, ஓடும் நீரில் எங்களை மிதக்க விட்டார்கள். மல்லாந்து, கால்களை ஆறு போகும் பக்கம் நீட்டி, பாதங்கள் நீர்மட்டத்துக்கு மேலே தெரிய மிதக்க வேண்டும். கரையிலிருந்து பயிற்றுநர் "மல்லி, கக்குல் உடட்ட!" என்று கத்திக்கொண்டே இருந்தார். கால் மேலே, கால் மேலே. பாய்ச்சலில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் பாறை இடுக்கில் சிக்கும். பின்னாலிருந்து வரும் நீர் ஆளைக் குப்புறத் தள்ளி அழுத்திப் பிடிக்கும். முழங்கால் ஆழத்திலும் உயிர் போவது அப்படித்தான். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. எந்தப் பலசாலியாலும் அதை எதிர்த்து நிற்க முடியாது.

பிறகு ஆற்றைப் பார்க்கப் பழக்கினார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் ஒன்றுகூடி, கூர்முனை கீழ்நோக்கி இருக்கும்படி வழவழவென்று இறங்கினால் அது வழி. கூர்முனை நம்மைப் பார்த்து இருந்தால் அங்கே பாறை ஒளிந்திருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பி மெல்லச் சுழலும். அதை எடி என்பார்கள். ஓடத்தை அதற்குள் திருப்பி இளைப்பாறலாம். அதிலிருந்து மறுபடி பாய்ச்சலுக்குள் நுழையும்போது ஆறு போகும் திசைப் பக்கமே சாய வேண்டும். பயத்தில் மறுபக்கம் சாய்கிறவரை ஆறு உடனே கவிழ்த்துவிடும். எல்லாவற்றிலும் ஆபத்தானது ஆற்றில் விழுந்து கிடக்கும் மரம். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போகும், மனித உடல் போகாது.

பாய்ச்சல்களை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். புதியவருக்கு 1, 2 போதும். கித்துல்கலையில் ராஃப்டிங் படகுகள் இறங்கும் பெயர்பெற்ற பாய்ச்சல்கள் சில 3ஆம் தரம். அங்கே நீர்மட்டம் மழையை மட்டுமல்ல, மேலேயுள்ள மின்நிலையங்கள் எப்போது இயங்குகின்றன என்பதையும் பொறுத்தது. அண்மையில் வந்த 35 மெகாவோட் பிரோட்லண்ட்ஸ் திட்டம் ஆற்றை மறித்து நீரைச் சுரங்கத்தில் திருப்புகிறது. இந்த ஆற்றை நம்பி வாழும் வழிகாட்டிகள் அதன் கட்டுமானக் காலத்திலிருந்தே கவலைப்பட்டதில் நியாயம் உண்டு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். லயத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் பீலிக்கரை. அதற்கு அப்பால் ஓயாவும் நீர்த்தேக்கமும் "அந்தப் பக்கம் போகாதே" என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள். விடுமுறை நாளில் குளிக்கப் போன மாணவன் மூழ்கினான் என்ற செய்தி நம் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. கெசல்கமுவ ஓயாவில் சட்டவிரோதமாக மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள் விட்டுப்போகும் குழிகள் வேறு. நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும், கலங்கிய நீரில் கண்ணுக்கும் தெரியாது. அணைகளின் பெயரும் மெகாவோட் கணக்கும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஓடும் நீரில் எழுந்து நிற்கக்கூடாது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? தோட்டப் பாடசாலை எதிலும் நீச்சல் தடாகம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதில் ஒரு பிழைப்பும் இருக்கிறது. கித்துல்கலை ஆற்றோரத்து இளைஞர்கள் பலர் வழிகாட்டிகளாகவும் பயிற்றுநர்களாகவும் உழைக்கிறார்கள். கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், கோடஞ்சேரி மலைப்பகுதி ஆறுகளில் மழைக்காலத்தில் நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழாவுக்கு உலகெங்குமிருந்து கயாக் ஓட்டிகள் வருகிறார்கள். அதுவும் நம்மைப் போன்ற மலைநாடுதான். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசக்கூடிய மலையக இளைஞனுக்கும் யுவதிக்கும் இந்தத் தொழில் ஏன் எட்டாக் கனியாக இருக்க வேண்டும்?

கல்வித் திணைக்களமும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் முதலில் நீச்சலில் தொடங்கட்டும். அடுத்து, ஓடும் நீரில் மிதப்பதையும் கயிறு வீசி மீட்பதையும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்றுநர்களைக் கொண்டு பழக்கட்டும். தனிப்பட்ட முறையில் வகுப்புக்குப் போக நினைப்பவர்களே, மலையில் கனமழை பெய்த மறுநாள் போகாதீர்கள். சரியான அளவில் அங்கியும் தலைக்கவசமும் தராத இடத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள். கவிழ்ந்தால் வெளியே வருவதை முதலில் கற்பிக்காத பயிற்றுநரிடம் பணம் கட்டாதீர்கள்.