இலவச முகாமா? இரண்டு கேள்வி கேளுங்கள்!

"முகாமுல ஈ.சி.ஜி. எடுத்துட்டு, இதயத்துல அடைப்புன்னு சொல்லிட்டாங்க டாக்டர். கார்டு இருந்தா காசே வேணாமாம். நாளைக்கே வந்து படுக்கணுமாம்!"

ராயபுரத்திலிருந்து வந்த எழுபத்திரண்டு வயது அம்மாவுக்குக் கை நடுங்கியது. "முகாம் போட்டது யாரும்மா?" என்றேன். "அந்த ஆஸ்பத்திரிதான்."

இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். 2024 நவம்பரில் குஜராத்தின் போரிசணா கிராமத்தில் ஒரு தனியார் மருத்துவமனை இலவச முகாம் நடத்தி, 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துப் போனது. 7 பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்கள். இருவர் இறந்தார்கள். அரசுக் காப்பீட்டை நம்பி நடந்த காரியம் அது. நோய் என்று சொல்பவரே பணம் பெறுபவராகவும் இருந்தால் வரும் ஆபத்து இதுதான்.

முதலமைச்சர் காப்பீடு நல்ல திட்டம். அதே கார்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் செல்லும். ஆகவே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முகாம் போடாத வேறொரு இதய டாக்டரிடம் காட்டுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். ஆனால் நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

என்னையும் விட்டுவிடாதீர்கள். நான் எழுதும் சூரணத்தை நானே விற்கிறேன். "இது அவசியமா? வெளியே வாங்கலாமா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் தவறு என்மீதுதான்.

அந்த அம்மாவை ரிப்போர்ட்டோடு ஸ்டான்லிக்கு அனுப்பினேன். அடைப்பு இருந்தால் அங்கேயும் தெரியும், இல்லாவிட்டாலும் தெரியும்.