உள்ளே பார்த்தால் சாதாரணம்... தூரத்தில்தான் சிக்கல்! சென்னைக்காரர் சி.பி.ராமானுஜம் கண்ட 4 பரிமாண வடிவம்

புதுச்சேரி பீச் ரோட்டில் நின்று பார்த்தால் கடல் தட்டையாகத்தான் தெரியும். ஆனால் பூமி உருண்டை. இப்படி, கிட்டத்தில் பார்த்தால் சாதாரண வெளி போலவே தெரிகிற வடிவங்களுக்குக் கணிதத்தில் 'மேனிஃபோல்டு' என்று பெயர். அப்படியானால் மொத்த வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

லட்டா, வடையா?

லட்டு மேல் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்க. நகர்த்தி நகர்த்தி ஒரு புள்ளியாகச் சுருக்கிடலாம். மெதுவடை ஓட்டை வழியாக மாட்டினால்? அறுத்தால்தான் வரும்.

ஓரமே இல்லாத, முடிவுள்ள 3 பரிமாண வடிவத்தில் எல்லா ரப்பர் பேண்டும் சுருங்கினால் அது கோளம்தானா? 1904-ல் பிரான்ஸின் புவான்காரே எழுப்பிய கேள்வி இது. 'ஆமாம்' என்று 2002-03-ல் நிரூபித்தார் ரஷ்யாவின் பெரல்மான். அதற்கான 10 லட்சம் டாலர் பரிசையும் வேண்டாம் என்றுவிட்டார்.

ராமானுஜம் என்ன செய்தார்?

கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன் வேறு, இவர் வேறு. 1938-ல் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ராசீனிடம் படித்து, மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

சமன்பாடுகளால் அமைந்த ஒரு 4 பரிமாண வடிவத்தை முழுசாகச் சுருக்கி ஒரே புள்ளியாக்க முடிந்தால், அது சாதாரண 4 பரிமாண வெளிதானே? 'இல்லை' என்று 1971-ல் காட்டினார். அவர் கண்ட வடிவம் அப்படியே சுருங்கும். ஆனால் வெகு தூரத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, நடுப்பகுதிக்கு வராமலே சுருக்கப் பாருங்க, முடியாது! தூரத்திலும் சிக்காமல் சுருங்கினால் மட்டுமே அது சாதாரண வெளி என்றும் நிரூபித்தார். அந்த வடிவம் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1974-ல், 36 வயதில் அவர் மறைந்தார்.

இன்னும் என்ன பாக்கி?

புவான்காரே கேள்வியை 4 பரிமாணத்துக்கு 1982-ல் ஃப்ரீட்மன் தீர்த்தார். ஆனால் அதில் வடிவம் இடையில் கசங்கினாலும் பரவாயில்லை. கசங்காமல், வழவழப்பாகவே கோளமாக மாற்ற முடியுமா? 7 பரிமாணத்தில் சில வடிவங்களை அப்படி மாற்ற முடியாது என்று 1956-லேயே மில்நர் காட்டிவிட்டார். 4-ல் இன்றுவரை ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

இடத்துக்கு மூன்று, காலத்துக்கு ஒன்று என்று நாம் வாழ்வதும் 4 பரிமாணத்தில்தான்!