உங்களுக்குத் தெரியுமா? அத்திக்காய்க்குள் ஒரு வாழ்க்கை

அத்திக்காய் என்று நாம் பறிப்பது உண்மையில் காய் அன்று. நூற்றுக்கணக்கான சிறு பூக்களை உள்ளே மூடிவைத்த மஞ்சரி. அதன் நுனித்துளை வழியே, இரண்டு மில்லிமீட்டர் அளவேயுள்ள பெண் அத்திக் குளவி நெருக்கியடித்து நுழைகிறது. நுழையும்போதே பெரும்பாலும் சிறகுகளை இழக்கிறது. சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில சூலகங்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. முட்டையிட்ட பூக்கள் குஞ்சுகளுக்கு உணவாகும், மற்றவை விதையாகும்.

சில வாரங்களில் சிறகில்லா ஆண்குளவிகள் முதலில் வெளிப்படுகின்றன. பெண்களுடன் கூடி, காயின் சுவரைக் குடைந்து வழி அமைப்பதோடு அவற்றின் ஆயுள் முடிகிறது. இளம் பெண்குளவிகள் மகரந்தத்துடன் பறந்து, ஓரிரு நாள் ஆயுளுக்குள் அடுத்த அத்தி மரத்தைத் தேடியாக வேண்டும். இப்படி ஒன்றையொன்று நம்பி இரண்டும் பயன்பெறும் உறவே ஒருங்குயிர் வாழ்க்கை.

இந்த உறவை ஏய்த்துப் பிழைப்பவையும் உண்டு. சில ஒட்டுண்ணிக் குளவிகள் மகரந்தம் சுமக்காமல், நீண்ட முட்டையிடு குழலைக் காயின் வெளியிலிருந்தே செலுத்தி முட்டையிடுகின்றன. கிளைகளில் திரியும் முசுறு எறும்புகள் அவற்றை விரட்டுவதால், மகரந்தம் சுமக்கும் குளவிகள் பிழைக்கின்றன. ஆண்டின் வெவ்வேறு காலங்களில் பழுக்கும் இம்மரங்களை நம்பியே மேற்குத் தொடர்ச்சி மலையின் இருவாச்சிகளும் பழந்தின்னி வௌவால்களும் பஞ்ச மாதங்களைக் கடக்கின்றன.